மேடை ஒரு வாரத்துல கைவிட்டுச்சு, ரேடியோ கூப்பிட்டுச்சு: ஹெரால்ட் பின்டர் கதை

வணக்கம் மக்களே. 1958 மே மாசம், லண்டன்ல ஹேமர்ஸ்மித் லிரிக் தியேட்டர், வியாழக்கிழமை மேட்னி. உள்ள மொத்தம் ஆறு பேரு. நாடகம் எழுதின இங்கிலாந்துக்காரர் ஹெரால்ட் பின்டருக்கு 27 வயசு, எப்படிப் போகுதுன்னு பாக்க மாடிக்கு ஏறுறாரு, அங்க சீட் காட்டுற அம்மா மாடி மூடியாச்சு, யாருப்பா நீன்னு தடுக்குறாங்க, நான்தாங்க இத எழுதினவன்னு சொன்னதும் அந்தம்மாவுக்கு மனசு கேக்கல, அடப் பாவமே, போய் உக்காந்துக்கோ கண்ணுன்னு உள்ள விட்டுட்டாங்களாம். பின்டரே பின்னாடி சொன்னது இது.

[ஸ்க்ரீன்ல: தி பர்த்டே பார்ட்டி, 8 ஷோ]

அந்த நாடகம் ஒரே வாரத்துல தூக்கிட்டாங்க. பேப்பர்காரங்க எல்லாரும் புரியலன்னு கிழிச்சுட்டாங்க. சண்டே டைம்ஸ்ல ஹெரால்ட் ஹாப்சன் மட்டும் ஆஹான்னு எழுதினாரு, ஆனா அது ஞாயித்துக்கிழமை வருது, நாடகம் சனிக்கிழமையே முடிஞ்சுபோச்சு. வீட்டுல அஞ்சு மாசம்கூட ஆகாத கைக்குழந்தை வேற. டேவிட் பேரன்ங்கிற பேர்ல ஊர் ஊரா நடிச்சு சம்பாதிச்சுட்டு இருந்த மனுஷன் அவரு.

இங்கதான் ரேடியோ வருது. பிபிசியோட தர்ட் ப்ரோக்ராம்ங்கிற ரேடியோ சேனல்ல இருந்த பார்பரா ப்ரே, டொனால்ட் மெக்வின்னி ரெண்டு பேரும் இவர் கிட்ட ஏதோ இருக்குன்னு நம்பினாங்க, எழுதித் தாங்கன்னு கேட்டாங்க. அப்படி 1959 ஜூலை 29 ஒலிபரப்பானதுதான் "எ ஸ்லைட் ஏக்".

இத கொஞ்சம் நிதானமா பாக்கலாம், எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். புருஷன் பொண்டாட்டி தோட்டத்துல காலை டிபன் சாப்புடுறாங்க. ஜாம் ஜாடிக்குள்ள ஒரு குளவி மாட்டிக்குது, மூடியில ஸ்பூனுக்காக விட்டிருக்கிற ஓட்டை வழியா புருஷன் சுடுதண்ணிய ஊத்திக் கொல்றாரு. பின்வாசல்ல தீப்பெட்டி விக்கிற ஒரு கிழவன் வாரக்கணக்கா நிக்கிறான். உள்ள கூப்பிடுறாங்க. அவன் கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. பேசப் பேச புருஷன்தான் உடைஞ்சு போறாரு, கடைசியில பொண்டாட்டி தீப்பெட்டித் தட்ட அவர் கையில குடுத்துட்டு கிழவன கூட்டிட்டுப் போயிடுறா!

இப்ப யோசிங்க. மேடையில அந்தக் கிழவன கண்ணால பாத்துடுவோம். ரேடியோவுல? குரலே இல்லாத ஆளு உண்மையிலேயே அங்க இருக்கானா, இல்ல இவங்களா கற்பனை பண்றாங்களா? கேக்குறவனுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. இதே நாடகம் 1961ல மேடைக்கும் வந்துச்சு, ஆனா அந்தப் பயம் ரேடியோவுக்குன்னே பொறந்ததுன்னுதான் நான் சொல்லுவேன்.

இப்ப ஒரு அஞ்சு செகண்ட் நான் பேசாம இருக்கேன்.

[மௌனம்: 5 செகண்ட்]

மொபைல் ஹேங் ஆயிடுச்சோன்னு தோணுச்சுல்ல? மேடையில நடிகர் சும்மா நின்னாலும் முகம் இருக்கு, கை இருக்கு, ரேடியோவுல அதெல்லாம் கிடையாது, சத்தம் நின்னா மொத்த உலகமே நின்ன மாதிரி. பின்டர் ஸ்க்ரிப்ட்ல மூணு புள்ளி வேற, "பாஸ்" (pause, சின்ன இடைவெளி)னு எழுதினா வேற, "சைலன்ஸ்"னு எழுதினா அது இன்னும் பெரிய பள்ளம். எந்த இடத்துல எது வரணும்ங்கிறதுல அவ்ளோ கறாரா இருந்தாரு.

1960ல "தி கேர்டேக்கர்" மேடையில 444 ஷோ ஓடி பேர் வாங்கிக் குடுத்துச்சு, அதே வருஷம் "எ நைட் அவுட்", "தி ட்வார்ஃப்ஸ்" ரெண்டும் ரேடியோவுல வந்துச்சு. பேர் வந்த பிறகும் ரேடியோவ விடல பாருங்க.

அது 1968ல கைகொடுத்துச்சு. அப்போ இங்கிலாந்துல மேடை நாடகம்னா லார்ட் சேம்பர்லின்ங்கிற அரண்மனை அதிகாரியோட ஆபீஸ்ல சென்சார் ஆகணும். பின்டரோட "லேண்ட்ஸ்கேப்" நாடகத்துல சில வார்த்தைய எடுங்கன்னாங்க, இவர் முடியாதுன்னுட்டாரு. அந்தச் சட்டம் ரேடியோவத் தொடாது! அதனால ஏப்ரல் 25 அன்னிக்கு நடிகை பெக்கி ஆஷ்க்ராஃப்ட் குரல்ல ஒரு வார்த்தை குறையாம பிபிசியில வந்துச்சு. செப்டம்பர்ல அந்தச் சென்சாரே ஒழிஞ்சுது, அடுத்த வருஷம் மேடைக்குப் போச்சு. அதுல கணவன் மனைவி ஒரே சமையக்கட்டுல உக்காந்து பேசுறாங்க, ஆனா ஒருத்தர் பேசுறது இன்னொருத்தர் காதுல விழல. ஹெட்போன் போட்டு, லைட்ட அணைச்சுட்டுக் கேக்க வேண்டிய நாடகம்.

2005 அக்டோபர் 10, அவரோட 75வது பிறந்தநாள். ஏற்கெனவே கேன்சர்ல அடிபட்ட உடம்பு. அன்னிக்கு பிபிசி ரேடியோ 3ல அவர் வரிகளும் ஜேம்ஸ் கிளார்க் இசையும் சேர்ந்த "வாய்ஸஸ்" ஒலிபரப்பாச்சு. மூணு நாள் கழிச்சு ஸ்டாக்ஹோம்ல இருந்து போன் வந்துச்சு, நோபல் பரிசு.