பூ இருக்கிறது, பிஞ்சு எங்கே?

வேளாண் நேயர்களுக்கு வணக்கம்.

"பூ கொள்ளையாக வருகிறது, பிஞ்சுதான் நிற்கவில்லை" என்று பூசணி போட்டவர்கள் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். உடனே சத்துக் குறைவு என்று உரக்கடைக்கு ஓடுகிறோம். சில வயல்களில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. விடியலில் விரிகிற பூ நண்பகலுக்குள் சுருங்கிவிடும். அதற்குள் தேனீ வந்து ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் சேர்க்காவிட்டால் எந்த உரமும் பிஞ்சை நிறுத்தாது.

கத்தரியின் கதை வேறு. அதன் மகரந்தப் பையில், நுனியில் மட்டும் சின்னஞ்சிறு துளை உண்டு. காலையில் ஒரு பூவின் அருகே நின்று பாருங்கள். கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத் தேனீ பூவைக் கட்டிக்கொண்டு தொங்கும். சிறகை அடிக்காமலே உடம்பை மட்டும் 'ர்ர்ர்' என்று அதிரவைக்கும். உப்புக் குப்பியைக் குலுக்கியதுபோல் மகரந்தம் அதன் வயிற்றில் கொட்டும். பெட்டித் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. கருவண்டின் வீடு பட்ட மரமும் காய்ந்த மூங்கிலும்தான். இதே வேலையைச் செய்யும் நீலப்பட்டைத் தேனீயோ மண்ணில் வளை தோண்டும். அதனால் கிளறாத, களைக்கொல்லி படாத வரப்பு கொஞ்சமாவது வேண்டும்.

பூச்சியைக் காப்பாற்றுங்கள் என்று குத்தகைக்காரரிடம் வெறுமனே உபதேசிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. மொராக்கோவில் ஒரு நல்ல வழியைச் சோதித்தார்கள்: வயலில் முக்கால் பங்கு முதன்மைப் பயிர், மீதிக் கால் பங்கில் கொத்தமல்லி, சூரியகாந்தி போன்ற, தேனீக்கும் உதவும், சந்தையிலும் விலைபோகும் செடிகள். கால் பங்கு நிலம் நம்மில் பலருக்குக் கட்டுபடியாகாது. வரப்போரம் இரண்டு வரிசை துவரை போடலாம். கொத்தமல்லியைத் தழைக்கு மட்டும் அறுக்காமல் விதைக்கும் கொஞ்சம் விடுங்கள். பூத்தால்தானே தேனீ வரும்!

மருந்தை மாலையில் அடியுங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். பூசணிக்கு அது சரி. பீர்க்கும் சுரையும் மாலையில்தான் பூ விரிக்கின்றன. சுரைப் பூவுக்கு இரவில் அந்துப்பூச்சிகள் வரும். அங்கே மாலைத் தெளிப்பு அவற்றையே கொல்லும். பயிர் எப்போது பூக்கிறது என்று பார்த்து நேரம் குறியுங்கள்.

தேனீ வரப்பைத் தாண்டிப் பறக்கும். எனவே மருந்தடிக்கும் முன்பே பக்கத்து வயல்காரருக்கும் தேன்பெட்டி வைத்திருப்பவருக்கும் தகவல் சொல்லிவிடுங்கள். முதல் நாள் இரவே காற்றோட்டம் விட்டுப் பெட்டி வாசலை அடைக்கவோ, பெட்டியை இடம் மாற்றவோ அவருக்கு அவகாசம் கிடைக்கும்.