மாளிகைக்கு முந்திய ஊருணி

அவையில் இருக்கும் பெரியவர்களே, ஆச்சிமார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

கானாடுகாத்தான் என்றாலே வெளியூர்க்காரர்கள் செட்டிநாடு அரண்மனைக்குத்தான் வழி கேட்கிறார்கள். அது 1912இல் கட்டி முடித்தது. ஊர் அதற்கு எவ்வளவோ மூத்தது. அந்தப் பழைய ஊரைப் பற்றித்தான் நான் பேச வந்தேன். அதற்குத் தண்ணீரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நம் செட்டிநாட்டுச் சீமைக்குப் பெரியவர்கள் சொல்லும் எல்லை என்ன? வடக்கே வெள்ளாறு, தெற்கே வைகை, கிழக்கே கடல், மேற்கே பிரான்மலை. ஆறு இரண்டும் எல்லையில் நின்றுவிட்டன. நடுவில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. மேலே செம்மண், தோண்டினால் செம்புராங்கல் என்னும் சிவந்த பாறை. ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்து வைத்தால்தான் சித்திரையில் குடிக்கலாம்.

காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்த நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், கலியுகம் 3808இல், அதாவது கி.பி. 707இல், இளையாத்தங்குடியில் குடியேறினார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவர்கள் வந்தது வெறும் காட்டுக்கு என்று நான் நம்பவில்லை. பிள்ளையார்பட்டியிலும் குன்றக்குடியிலும் பழைய குடைவரைகள் இருக்கின்றன. மலையைக் குடைந்தவர்களுக்குச் சோறும் தண்ணீரும் யாரோ கொடுத்திருக்க வேண்டுமே! பிரான்மலையில் 13ஆம் நூற்றாண்டு வணிகர் கல்வெட்டு ஒன்று உண்டு. மிளகு, பாக்கு, பருத்தி, இரும்பு, ஏன், குதிரை யானைக்குக்கூட மகமை என்ற வணிகர் வரி விதித்துக் கோயிலுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆக, நகரத்தார் வணிகத்துக்காகப் பர்மாவுக்குக் கப்பல் ஏறுவதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே இந்த வறண்ட பூமி வழியாகச் சரக்கு போய்க்கொண்டிருந்தது.

சரி, ஊருக்குள் வருவோம். தெருக்கள் நேர்நேராக ஓடுகின்றன. வீட்டின் முகப்பு ஒரு தெருவில், பின்கட்டுக் கதவு அடுத்த தெருவில். மழை பெய்யும்போது வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், நின்று பாருங்கள். ஓட்டுச் சாய்வில் இறங்கும் தண்ணீர் மூலைக் குழாய் வழியாகக் கொட்டும். தூசி போகட்டும் என்று முதல் மழையை விட்டுவிடுவார்கள். அப்புறம் வாயில் துணி கட்டிய கிடாரத்தை, அதாவது பெரிய அண்டாவை, அடியில் வைப்பார்கள். நிறைந்தது போக மிச்சம் வளவுத் துவாரத்தில் இறங்கி, தெரு வடிகாலில் சேர்ந்து, ஊர்க்குளமான ஊருணிப் பக்கம் ஓடும். ஊருணிக்குச் செம்புராங்கல் படி, உள்ளேயே கிணறு. மேல்நீர் வற்றினாலும் கிணற்றில் இறைக்கலாம். குடிதண்ணீர் ஊருணியில் யாரையும் கால் நனைக்க விடமாட்டார்கள். குளிக்கவும் மாடு கழுவவும் வேறு ஊருணி. மாளிகைகளின் தேக்குத் தூணைவிட எனக்கு இந்த ஏற்பாடுதான் பெரிதாகத் தெரிகிறது. பணம் இருந்தால் தூண் வாங்கிவிடலாம். இதற்கு ஊரே ஒன்றாக உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும்.

2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. சந்தோஷம். ஆனால் பட்டியலில் பேர் இருந்தும் வரத்துக்கால் அடைபட்டிருந்தால் ஊருணிக்குத் தண்ணீர் எப்படி வரும்? இளைஞர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள். வயதான ஆச்சி, ஐயா ஒருவரைக் கூடவே அழைத்துக்கொண்டு, எந்த வீட்டுத் தண்ணீர் எந்தத் தெரு வழியாக எந்த ஊருணிக்குப் போனது என்று நடந்து பார்த்து, ஒரு வரைபடம் போடுங்கள். ஐப்பசிக்கு முன்னால் அடைப்பு எங்கே என்று தெரிந்துவிட்டால், தூர் எடுக்க நானும் வருகிறேன்.