180 ரூபாய் ஸ்டாண்டும் தலைகீழ் வரைபடமும்

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். போன வீடியோவில் அந்த வினாடி வினா செயலியைத் திட்டினேன் இல்லையா, அதை என் ஞாயிறு இஸ்லாமிய வரலாற்று வகுப்பிலிருந்து தூக்கிவிட்டேன். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவை விட்டு மதீனாவுக்குக் குடிபெயர்ந்த ஹிஜ்ரத் எந்த ஆண்டு என்றால் பிள்ளைகள் கண்ணிமைப்பதற்குள் 622ஐத் தட்டுகிறார்கள், எங்கிருந்து எங்கே போனார்கள் என்று கேட்டால் விழிக்கிறார்கள். பாயிண்ட்டுக்காகத் தட்டுவதெல்லாம் வரலாறா?

இப்போது கூகுள் எர்த்தான். 14 பிள்ளைகள், 4 போன். மக்காவிலிருந்து மதீனாவுக்கு விரலால் போங்கள் என்றேன், எல்லா விரலும் வடக்கே போனது. நிறுத்துங்கள், முதலில் துரத்தியவர்களிடமிருந்து அவர்கள் ஒளிந்திருந்த ஸவ்ர் குகையைத் தேடுங்கள் என்றால், அது மக்காவுக்குத் தெற்கே கிடக்கிறது! மதீனா வடக்கே இருக்க, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் அவருடைய தோழர் அபூபக்ர் (ரலி) அவர்களும் எதற்குத் தெற்கே போனார்கள்? ஒருத்தி யோசித்துவிட்டு, "துரத்துறவங்க வடக்கேதானே தேடுவாங்க, ராத்தா" (அக்கா, அதாவது நான்) என்றாள். நான் சொல்லவே இல்லை, படம் சொல்லிவிட்டது. மூன்று இரவு குகையில் தங்கியதும், அப்புறம் கடலோரப் பக்கமாகச் சுற்றிப் போனதும் அதற்குப் பிறகு தானாகவே புரிந்துவிட்டது.

அட, ஸ்டாண்டை மறந்தே போனேன். போனை நிறுத்தி வைக்க ஒரு ஸ்டாண்ட், 250 சொன்னார், பத்து நிமிடம் பேசி 180க்கு வாங்கினேன். பெருமையாகத்தான் வாங்கினேன், கேளுங்கள்.

அடுத்து 12ஆம் நூற்றாண்டுப் புவியியல் அறிஞர் அல் இத்ரீசியின் உலக வரைபடம். சிசிலியின் கிறிஸ்தவ அரசர் இரண்டாம் ரோஜருக்காக 1154இல் முடித்தது, 70 துண்டுப் படங்கள். அதில் தெற்குதான் மேலே. அரபு நாட்டைக் கண்டுபிடிக்கப் போனைத் தலைகீழாகத் திருப்புங்கள் என்றேன். திருப்பினால் படமும் கூடவே திரும்பிக்கொள்கிறது! மறுபடி திருப்பினால் அதுவும் மறுபடி. நான்கு போனும் சுழல்கிறது, பிள்ளைகள் சிரிக்கிறார்கள், எனக்கு எரிச்சல். ஆட்டோ ரொட்டேட்டை அணையுங்கள் என்று கமெண்டில் எழுதாதீர்கள், அணைத்துப் பார்த்தாயிற்று, என் பழைய போனில் படம் குறுக்கே சுருங்கி நூல் மாதிரி ஆகிவிடுகிறது. ஸ்டாண்டில் கவிழ்த்து மாட்டினால் நழுவி விழுகிறது. கால் மணி நேரம் இதிலேயே போனது.

கடைசியில் எல்லாரிலும் சின்னவள், இரண்டாம் வகுப்பு, போனைப் பிடுங்கிப் பாயில் மல்லாக்க வைத்தாள். வைத்துவிட்டு எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். அவ்வளவுதான். போன் அசையவில்லை, படமும் அசையவில்லை, அவளுக்கு வடக்கு மேலே வந்துவிட்டது. மற்ற 13 பேரும் பாயைச் சுற்றி ஓடுகிறார்கள்.

ஸவ்ர் குகைக்குப் பதில் சொன்னவள் மட்டும் இந்தப் பக்கமே உட்கார்ந்து, "அப்படின்னா இந்தப் படத்துல அவங்க முதல்ல மேலே போனாங்களா, ராத்தா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். என் ஆட்டோ ரொட்டேட் எரிச்சல் அங்கேயே போய்விட்டது.

அடுத்த வாரம் ஊர் ஊராகச் சுற்றிய பயணி இப்னு பதூதா. 1325இல் மொராக்கோவின் தாஞ்சியரிலிருந்து கிளம்பியவர் நம் மதுரை வரைக்கும் வந்திருக்கிறார், அதை விரலால் தேய்க்க வைக்கப் போகிறேன். ஸ்டாண்ட் புதுசு, 150க்குக் கொடுத்துவிடுகிறேன், யாருக்காவது வேண்டுமா?