எறும்பு ஊருது, ஈ கை தேய்க்குது: பிள்ளைகளுக்குப் பூச்சிப் பாட்டு

[திரை: பாயில் படுத்திருக்கும் கைக்குழந்தை. அதன் உள்ளங்கையில் ஒரு பெரியவரின் இரண்டு விரல்கள்.]

வணக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த வீடியோ உங்களுக்கு, குழந்தைக்கு இல்லை. இரண்டு வயது ஆகாத பிள்ளைகளுக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. நீங்கள் பார்த்துக்கொண்டு, போனை ஓரமாக வைத்துவிட்டுப் பிள்ளையிடம் போங்கள்.

பூச்சிப் பாட்டு என்றாலே இரண்டு கையையும் றெக்கை மாதிரி அடிக்க வைத்துவிடுகிறோம். பட்டாம்பூச்சிக்கும் அதுதான், கொசுவுக்கும் அதுதான். என்னைக் கேட்டால், அந்தப் பூச்சி நிஜமாக என்ன செய்கிறதோ அதைத்தான் பிள்ளையின் கைக்குக் கொடுக்க வேண்டும். அப்புறம் அதே பூச்சி ஜன்னலில் வந்து உட்காரும்போது பிள்ளைக்கு அது தெரிந்த ஆள்.

எறும்பில் ஆரம்பிக்கலாம். நாலைந்து மாதக் குழந்தையிடமே இது எடுபடும். ‘நண்டூருது நரியூருது’ என்று பாட்டிமார் விரலால் கையில் ஏறிப்போய் அக்குளில் கிச்சுகிச்சு மூட்டுவார்களே, அதே வழிதான்.

ஊருது ஊருது எறும்பு ஊருது
உள்ளங் கையில எறும்பு ஊருது
ஏறுது ஏறுது முழங்கை ஏறுது
சக்கரை எங்கே? சக்கரை எங்கே?

[திரை: முழங்கையில் நிற்கும் விரல்கள். குழந்தையின் முகம்.]

இங்கே நிறுத்துங்கள். விரல் முழங்கையிலேயே நிற்கட்டும். இரண்டு மூன்று நாள் விளையாடிப் பழகிய குழந்தை என்றால் இந்த இடத்தில் காலை மடக்கிக்கொண்டு, உங்கள் விரலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும். கிச்சுகிச்சு மூட்டுவதற்கு முன்னாலேயே சிரிக்க ஆரம்பித்துவிடும். அவசரப்பட்டு அக்குளுக்குப் போனீர்களோ, பாதி விளையாட்டு போச்சு. நன்றாகக் காக்க வைத்துவிட்டு, ‘இந்தா இருக்கு!’ முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ கையை இழுத்துக்கொண்டாலோ போதும் என்று அர்த்தம். அதற்கு மேல் வற்புறுத்தாதீர்கள்.

அடுத்து ஈ. மேஜையில் உட்கார்ந்த ஈயைக் கொஞ்ச நேரம் விரட்டாமல் பாருங்கள். முன்னங்கால் இரண்டையும் ஒன்றோடொன்று தேய்க்கும், தலையைத் துடைத்துக்கொள்ளும், பிறகு பின்னங்காலைத் தேய்க்கும். ஈக்குக் காலிலும் ருசி தெரியும், அதனால்தான் காலைச் சுத்தமாக வைத்துக்கொள்ள இத்தனை பாடு. ஒரு வயதை ஒட்டிய குழந்தைகள் நீங்கள் செய்வதைப் பார்த்துக் கை தட்டும், கை தேய்க்கும். எனவே:

தேய்க்குது தேய்க்குது ஈ கை தேய்க்குது
முன்னால தேய்க்குது, பின்னால தேய்க்குது
தலையைத் துடைக்குது, பறந்தே போச்சு!

கொஞ்சம் வளர்ந்த பிள்ளை என்றால் வாஷ்பேசின் முன்னால் நிறுத்தி, சோப்பைக் கையில் கொடுத்து இதைப் பாடுங்கள், தலை துடைக்கிற வரியை மட்டும் விட்டுவிட்டு. கை கழுவச் சொல்லித்தர ஈயா என்று சிரிக்காதீர்கள். நன்றாகத்தான் சொல்லித்தருகிறது.

மற்றவை சீக்கிரம் முடிந்துவிடும். மின்மினிக்குக் கையை மூடித் திறந்தால் போதும். வெட்டுக்கிளிக்கு இரண்டு காலும் தரையை விட்டு எழும்ப வேண்டும், அது பெரும்பாலும் இரண்டு வயதுக்கு மேல்தான் வரும், அதுவரை மடியில் வைத்துப் பிடித்தபடியே மெல்லத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். சுவர்க்கோழி வாயால் கத்துவதில்லை. ஆண் பூச்சி முன்னிறக்கைகளை உரசி அந்தச் சத்தத்தை எழுப்புகிறது. அதனால் ஒரு கையின் மேல் இன்னொரு கையை வைத்து உரசினால் சரி. பட்டாம்பூச்சிக்குக் கட்டைவிரலைக் கோத்துக் காட்டுகிறோமே, அது சின்னக் கைகளுக்கு வராது. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நிமிர்த்திப் பிடித்தாலே பூவில் உட்கார்ந்த பட்டாம்பூச்சிதான்.

கால் எண்ணக் கேட்டால் ஒரு கையில் மூன்று விரல், இன்னொரு கையில் மூன்று விரல். பூச்சிக்கு ஆறு கால். சிலந்திக்கு எட்டு, அது பூச்சிக் கூட்டத்தில் சேராது.

[திரை: தரையில் வட்டமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்.]

மூன்று, நான்கு வயது ஆகிவிட்டதா? பேரை மறந்த ஈயின் கதையை எடுங்கள். வீடு மெழுகிக்கொண்டிருந்த ஈக்குத் தன் பேரே மறந்துபோய்விடுகிறது. கன்றுக்குட்டியைக் கேட்கிறது, தெரியவில்லை. அதன் தாயைக் கேட்கிறது, மேய்க்கிறவனைக் கேட்கிறது, அவன் கையில் இருக்கும் கோலைக்கூட விடவில்லை. ஒவ்வொரு தடவையும் பழைய ஆட்களையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் புதிய ஆளிடம் கேள்வி. கன்றுக்குத் துள்ளல், பசுவுக்குக் கொம்பு, மேய்ப்பவனுக்கு ஓட்டுகிற கை, கோலுக்கு நீட்டிய விரல் என்று ஆளுக்கொரு அசைவு வைத்துவிட்டால், சொல் மறந்தாலும் கை எடுத்துக்கொடுக்கும். முதல் நாள் நான்கு பேரோடு நிறுத்தி, நேரே குதிரையிடம் கூட்டிப்போங்கள். பிறகு நாளுக்கு ஒருவராகச் சேருங்கள்.

கடைசியில் குதிரை பல்லைக் காட்டி ‘ஈஈஈ’ என்று கனைக்குமே, அதை மட்டும் நீங்கள் செய்யாதீர்கள். பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.