ஃபைனான்ஸ் வேலை: காலேஜ் பேரைக் கேட்காத வாசல்கள்

[திரையில்: ஒரு ரெஸ்யூமே. காலேஜ் பேர் இருக்கிற வரி மட்டும் மஞ்சள் நிறத்துல]

விருதுநகர் பக்கம் ஒரு காலேஜ், பி.காம், 68 சதவீதம். இந்த வரியைப் பார்த்துட்டு மும்பையில இருக்கிற பெரிய இன்வெஸ்ட்மென்ட் பேங்க் (கம்பெனிகளுக்குப் பணம் திரட்டித் தர்ற வங்கி) உங்களை இன்டர்வியூவுக்குக் கூப்பிடுமா? பெரும்பாலும் கூப்பிடாது. இதை முதல்லயே உடைச்சுச் சொல்லிடறேன். அந்த வேலைக்கு ஆள் எடுக்க அவங்க அகமதாபாத், பெங்களூரு, கல்கத்தா ஐஐஎம் கேம்பஸுக்கே போயிடறாங்க. உங்க ரெஸ்யூமே நல்லாயில்லன்னு யாரும் தள்ளல. அது அந்த மேஜைக்கே போய்ச் சேரல.

ஆனா காலேஜ் பேரை வச்சுச் சலிக்கிறது கேம்பஸ் வாசல்லதான். பரீட்சை வாசல்ல அந்தச் சல்லடை கிடையாது.

[திரையில்: சிஏ படிநிலை]

சிஏ, அதாவது சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் படிப்பையே எடுத்துக்கலாம். பிளஸ் டூ முடிச்சவங்க முதல் பரீட்சையான ஃபவுண்டேஷன் எழுதணும். பி.காம்ல 55 சதவீதம், மத்த டிகிரின்னா 60 சதவீதம் இருந்தா நேரா அடுத்த படியான இன்டர்மீடியட்டுக்குப் பதியலாம். இன்டர்ல ரெண்டு குரூப் பாடங்களும் பாஸ் ஆனதும் ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஒரு சிஏகிட்ட வேலை பார்த்துக்கிட்டே பயிற்சி. முன்னாடி 3 வருஷமா இருந்தது, 2023-ல வந்த புதுத் திட்டத்துல 2 வருஷம். அப்போ வர்ற ஸ்டைபெண்டை (பயிற்சிக்கால உதவித்தொகை) நம்பி ரூம் எடுத்துடாதீங்க, பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் சரியாப் போயிடும்.

இங்கயும் ஒரு சல்லடை இருக்கு, மறைக்க விரும்பல. பெரிய ஃபர்ம்கள் "எத்தனாவது அட்டெம்ப்ட்?"னு கேட்கும். ஆனா அது நீங்க எழுதின பரீட்சையைப் பத்தின கேள்வி. அப்பாவால எந்த காலேஜ் ஃபீஸ் கட்ட முடிஞ்சதுங்கிறதைப் பத்தினது இல்ல.

ஆர்ட்டிகிள்ஷிப்ல அப்படி என்ன கத்துக்குவோம்? நான் பார்த்த ஒண்ணைச் சொல்றேன். ஒரு மில்லுல ஆடிட். இன்வாய்ஸ்ல தேதி மார்ச் 31. பெரிய தொகை, அந்த வருஷ விற்பனையில சேர்த்திருந்தாங்க. எங்க சீனியர், "தம்பி, செக்யூரிட்டி ரூம்ல கேட் பாஸ் புக் இருக்கும், வாங்கிட்டு வா"ன்னார். நீலக் கார்பன் போட்ட புக். அந்த லாரி மில் கேட்டைத் தாண்டினது ஏப்ரல் 4. சரக்கு மார்ச்ல வெளியவே போகல. அப்போ அது அடுத்த வருஷத்து விற்பனை. பாடத்துல இதுக்கு கட்-ஆஃப்னு பேர். நாலு பக்கம் படிச்சும் ஏறாதது, அந்தக் கார்பன் காப்பியைப் பார்த்ததும் ஏறிடுச்சு.

சிஏ எல்லாருக்கும் ஒத்துவராது. வீட்டுக்கு உடனே சம்பளம் வேணும்னா வங்கி வேலைக்கான ஐபிபிஎஸ் பரீட்சை எழுதுங்க, எந்த டிகிரியும் போதும். பங்குச் சந்தைப் பக்கம் போகணும்னா என்ஐஎஸ்எம் சான்றிதழ்கள் இருக்கு. பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி 2006-ல ஆரம்பிச்ச நிறுவனம் அது. மியூச்சுவல் ஃபண்ட் விக்கிறவங்களுக்கு சீரிஸ் 5-ஏ. அதை வச்சே வேலை கிடைச்சிடும்னு சொல்ற கோச்சிங் சென்டரை நம்பாதீங்க. அது டிரைவிங் லைசென்ஸ் மாதிரி, இல்லாம வண்டி எடுக்க முடியாது, அவ்வளவுதான். முதலீட்டுத் துறைக்கான சிஎஃப்ஏ நல்ல படிப்பு, மூணு லெவல். ஆனா ஃபீஸை டாலர்ல கட்டணும். கடன் வாங்கிக் கட்ட வேண்டாம், சம்பாதிக்க ஆரம்பிச்சதும் எழுதுங்க.

இன்னொரு வாசல் சென்னையிலேயே இருக்கு. மியூச்சுவல் ஃபண்ட் கணக்குகளைப் பார்க்கிற கேம்ஸ் நிறுவனத்தோட தலைமையகம் இங்கதான். ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட், பிஎன்ஒய் மாதிரி வெளிநாட்டு வங்கிகளுக்கும் இங்க பெரிய ஆபீஸ் இருக்கு. ரீகான்சிலியேஷன் (ரெண்டு கணக்கு ஒத்துப்போகுதான்னு பார்க்கிறது), ஃபண்ட் அக்கவுன்டிங் (ஃபண்டோட கணக்கை எழுதுறது) மாதிரி வேலைகள். சில டீம்ல நைட் ஷிப்ட் இருக்கும். உள்ள போறது நல்லதுதான், ஆனா ஒரே எக்செல் ஷீட்டை அஞ்சு வருஷம் தள்ளிக்கிட்டு இருந்துடாதீங்க. ரெண்டாவது வருஷம் அந்த ஷீட்ல இருக்கிற எண் எங்கிருந்து வருது, யார் அதை வச்சு முடிவெடுக்கிறாங்கன்னு கேட்க ஆரம்பிக்கணும்.

[திரையில்: வெள்ளைத் தாள், பேனா]

சரி, இன்டர்வியூ மேஜைக்கு வந்தாச்சுன்னு வைங்க. கம்பெனிக் கணக்கை அலசுற அனலிஸ்ட் வேலைக்கு அடிக்கடி கேட்கிற கேள்வி: தேய்மானம் (மெஷின், கட்டடம் பழசாகிறதுக்கு வருஷா வருஷம் எழுதுற செலவு) 10 ரூபாய் கூடினா மூணு நிதி அறிக்கையிலும் (லாப நஷ்டக் கணக்கு, கேஷ் ஃப்ளோ, பேலன்ஸ் ஷீட்) என்ன மாறும்?

வரி 25 சதவீதம்னு வைப்போம், தேய்மானம் முழுக்க வரியிலயும் கழியுதுன்னு வைப்போம். வரிக்கு முந்தைய லாபம் 10 குறையும். அதனால வரியில 2.50 மிச்சம். நிகர லாபம் 7.50 குறையும். இப்போ கேஷ் ஃப்ளோ, அதாவது பணம் வந்து போன கணக்கு. மைனஸ் 7.50-ல ஆரம்பிச்சு 10-ஐத் திரும்பக் கூட்டணும், ஏன்னா தேய்மானத்துக்கு யார் கையிலயும் பணம் கொடுக்கல. கையிருப்பு 2.50 கூடும். பேலன்ஸ் ஷீட்ல கேஷ் 2.50 கூடி, நிலையான சொத்து 10 குறையும். மொத்தம் 7.50 இறங்கும். எதிர்ப்பக்கம் ரிசர்வும் (சேர்ந்து வர்ற லாபம்) அதே 7.50 இறங்கும். ரெண்டு பக்கமும் சமம்.

அடுத்து, உங்க ஊர்ப் பக்கத்துக் கம்பெனி ஒண்ணோட ஆண்டறிக்கையை எடுங்க. என்எஸ்இ பங்குச் சந்தைத் தளத்துல இலவசம். விருதுநகர்க்காரங்க ராம்கோ சிமெண்ட்ஸைப் பாருங்க, அவங்க ஆலை ஆர்.ஆர். நகர்ல கண் முன்னாடியே இருக்கு. மின்சாரம்–எரிபொருள், சரக்குக் கட்டணம், இந்த ரெண்டு செலவை மட்டும் அஞ்சு வருஷத்துக்கு எக்செல்ல எழுதி, லாபத்தோட பக்கத்துல வைங்க. எந்த வருஷம் லாபம் இறங்குச்சு, ஏன்னு ரெண்டு பக்கம் எழுதுங்க. ரெஸ்யூமேவோட அதையும் சேர்த்து அனுப்புங்க.

அதுக்கு முன்னாடி வீடியோவை நிறுத்திட்டு அந்தத் தேய்மானக் கணக்கையே இன்னொரு தடவை போடுங்க, இந்தத் தடவை வரி 30 சதவீதம். லாபம் 7 குறைஞ்சு, கேஷ் 3 கூடணும். வரலன்னா முதல்லயிருந்து மறுபடி.