உங்கள் இரவு எந்த விமானத்தில் வருகிறது?

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

விமான டிக்கெட் பதிவு செய்து கொடுப்பது என் தொழில். நெடுந்தூரம் போகிறவர்கள் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்ததும் பெரும்பாலும் ஒரே குழப்பத்தைத்தான் எடுத்து வைக்கிறார்கள். ஒரு விமானம் எங்கும் நிற்காமல் நேரே கொண்டுபோய் இறக்கிவிடுகிறது, ஆனால் இருக்கை நெருக்கம். இன்னொன்றில் கால் நீட்ட இடம் இருக்கிறது, விமானமும் புதியது, ஆனால் நடுவழியில் இறங்கி வேறு விமானம் ஏற வேண்டும். சுகமாகப் போவதா, சுலபமாகப் போவதா?

இப்படி வருகிறவர்கள் பயண நேரத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்திருப்பார்கள். கட்டணத்தையும் ஒப்பிட்டிருப்பார்கள். ஆனால் தங்கள் உடம்பு தூங்க வேண்டிய இரவு அந்தப் பயணத்தில் எந்த இடத்தில் வருகிறது என்று அநேகமாக யாரும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். என்னைக் கேட்டால், முதலில் போட வேண்டிய கணக்கே அதுதான்.

14 மணி நேரம் நிற்காமல் பறக்கும் ஒரு விமானத்தை எடுத்துக்கொள்வோம். ஏறி உட்கார்ந்து, பெல்ட் போட்டு, விமானம் மேலே போய், சாப்பாடு வந்து, தட்டுகளை எடுத்துக்கொண்டு போய், விளக்கை அணைப்பதற்குள் ஏறக்குறைய 2 மணி நேரம் ஓடிவிடும். இறங்குவதற்கு 2 மணி நேரம் இருக்கும்போது மறுபடியும் விளக்கைப் போட்டு அடுத்த உணவைக் கொண்டுவருவார்கள். இடையில் 10 மணி நேரம் பெரும்பாலும் உங்களை யாரும் எழுப்ப மாட்டார்கள். இதே பயணத்தை ஏழு ஏழு மணி நேரமாக இரண்டு விமானங்களில் போனால், ஒவ்வொன்றிலும் முன்னே 2, பின்னே 2 போக மிஞ்சுவது 3 மணி நேரம். இரண்டையும் சேர்த்தாலும் ஆறுதான் வருகிறது. அந்த ஆறும் ஒரே துண்டாகக் கிடைப்பதில்லை. நடுவில் விமான நிலையத்தின் வெளிச்சம், வரிசை, பாதுகாப்புச் சோதனை, வாயில் தேடி நடக்கும் நடை எல்லாம் இருக்கின்றன.

அதற்காக நிற்காமல் போவதே எப்போதும் நல்லது என்று சொல்லிவிட முடியாது. முதல் விமானம் உங்களுடைய பகல் நேரத்தில் பறக்கிறது என்றால், அங்கே நீங்கள் எப்படியும் விழித்துத்தான் இருக்கப் போகிறீர்கள். படிக்கலாம், படம் பார்க்கலாம். மாலையில் இறங்கி, முகம் கழுவி, ஒரு மணி நேரம் காலாற நடந்துவிட்டு, உங்கள் இரவு தொடங்கும் நேரத்தில் இரண்டாவது விமானத்தில் ஏறினால், அந்த இடைநிறுத்தம் உங்கள் தூக்கத்திலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அதே இடைநிறுத்தம் உங்கள் உடம்பின் கடிகாரத்தில் நள்ளிரவு 2 மணிக்கு வந்தால், உலகத்திலேயே அழகான விமான நிலையமாக இருந்தாலும் அது தண்டனைதான். அட்டவணையில் போட்டிருப்பது அந்தந்த ஊரின் நேரம். அதை நீங்கள் கிளம்பும் ஊரின் நேரத்துக்கு மாற்றி ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பாதிக் குழப்பம் அப்போதே தீர்ந்துவிடும்.

நிற்காமல் போகலாமா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே மனிதனுக்கு அண்மையில் வந்ததுதான். 1947 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் சிட்னியிலிருந்து லண்டனுக்குத் தன் விமான சேவையைத் தொடங்கியபோது, போய்ச் சேர 4 நாட்கள் ஆயின. வழியில் பல ஊர்களில் இறங்கி இறங்கித்தான் போக வேண்டும். சிங்கப்பூரிலும் கெய்ரோவிலும் பயணிகள் இரவு தங்கினார்கள். நாள் அதிகமானாலும் அவர்கள் படுக்கையில் படுத்துத் தூங்கினார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். 2018 மார்ச்சில் அதே நிறுவனம் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் உள்ள பெர்த்திலிருந்து லண்டனுக்கு ஏறத்தாழ 17 மணி நேரத்தில் நிற்காமல் பறக்கத் தொடங்கியது. இன்று சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் இடையே 15,300 கிலோமீட்டர் தூரத்தை 18 மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் கடக்கிறார்கள்.

அந்த நியூயார்க் பாதைக்காகவே அமைக்கப்பட்ட ஏர்பஸ் ஏ350 விமானத்தில் எகானமி வகுப்பே கிடையாது. பிசினஸ் வகுப்பில் 67 இருக்கைகள், எகானமியைவிடச் சற்றுப் பெரிய இருக்கை கொண்ட பிரீமியம் எகானமியில் 94 இருக்கைகள், ஆக மொத்தம் 161 பேர்தான். அவ்வளவு தூரம் பறக்க எடையைக் குறைத்தாக வேண்டும் என்பது ஒரு காரணம். ஆனால் பயணியின் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். சாதாரண இருக்கையில் உடம்பு தாங்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. என் அனுபவத்தில் 14, 15 மணி நேரம் வரை எகானமியில் நிற்காமல் போகலாம் என்று தயங்காமல் சொல்வேன். அதற்கு மேல் போனால், இருக்கை கொஞ்சமாவது பெரிதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நடுவில் ஓர் இறக்கம் இருக்க வேண்டும்.

சுகம் என்றால் இருக்கை மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். விமானத்தின் உள்ளே இருக்கும் காற்று அதைவிடப் பெரிய விஷயம். விமானம் 11 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும்போது, உள்ளே அழுத்தத்தைக் கூட்டி, மலைமேல் இருப்பது போன்ற நிலையில் நம்மை வைத்திருக்கிறார்கள். அந்த மலை 8,000 அடி உயரம் வரை இருக்கலாம் என்பது விதி. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களின் உடல் கார்பன் இழைக் கலவையால் ஆனது. அது கூடுதல் அழுத்தத்தைத் தாங்கும் என்பதால் உள்ளே 6,000 அடி அளவிலேயே வைத்திருக்க முடிகிறது. ஈரப்பதமும் சற்றுக் கூடுதலாக இருக்கும். இறங்கும்போது தலைவலியும் தொண்டை வறட்சியும் குறைவாக இருப்பதை நீண்ட பயணத்தில் நீங்களே உணரலாம்.

ஆனால் புதிய விமானம் என்றதும் மயங்கிவிடவும் கூடாது. போயிங் 787 எகானமியில் ஒரு வரிசைக்கு 8 பேரை வசதியாக உட்கார வைக்கலாம். பெரும்பாலான நிறுவனங்கள் 9 பேரை உட்கார வைக்கின்றன. அப்போது இருக்கையின் அகலம் ஏறக்குறைய 17 அங்குலத்துக்கு வந்துவிடும். பக்கத்தில் இருப்பவர் தோள் அகன்றவர் என்றால் 12 மணி நேரமும் ஒருக்களித்துத்தான் உட்கார வேண்டும். ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் பன்னாட்டு 787 விமானங்களில் 2-4-2 என்று எட்டுப் பேரோடு நிறுத்திக்கொண்டது. போயிங் 777 கதையும் இதுவேதான். முதலில் வரிசைக்கு 9 பேர் உட்கார்ந்தார்கள், பிறகு 10 ஆனது. ஏ350 விமானத்தில் 9 பேர் உட்கார்ந்தாலும் ஏறக்குறைய 18 அங்குலம் கிடைக்கிறது. ஓர் அங்குலம்தானே என்று நினைக்க வேண்டாம். அந்த ஓர் அங்குலத்தில்தான் முழங்கை அடங்குகிறது. எனவே விமானத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல், இருக்கை வரைபடத்தைத் திறந்து ஒரு வரிசையில் எத்தனை கட்டங்கள் என்று எண்ணிப் பாருங்கள். தம்பதியாகப் போகிறவர்களுக்கு ஏர்பஸ் ஏ330 எனக்குப் பிடித்த விமானம். ஜன்னல் ஓரத்தில் இரண்டே இருக்கைகள், மூன்றாவது ஆளை எழுப்ப வேண்டிய தேவையே வராது.

இடையில் மாறுவது என்றால் என்ன என்பதையும் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு பெரிய விமான நிலையத்தில், அடுத்த விமானத்துக்கு மாறும் பகுதியில் ஒரு மூதாட்டியைப் பார்த்தேன். கையில் இரண்டு போர்டிங் பாஸ்களையும் கடவுச்சீட்டையும் ஒன்றாகச் சேர்த்து இறுகப் பிடித்திருந்தார். எதிரே வருகிற ஒவ்வொருவரிடமும் 23ஆம் எண் வாயில் எங்கே என்று கேட்டார். நான் வாங்கிப் பார்த்தேன். 23 என்பது அவருடைய இருக்கை எண். அவர் போக வேண்டிய வாயில், உள்ளே ஓடும் ரயிலில் ஏறிப் போக வேண்டிய மறுகோடியில் இருந்தது. அந்த டிக்கெட்டை எடுத்துக் கொடுத்த பிள்ளைகள் பாசமில்லாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல இருக்கை, நல்ல விமானம் என்று பார்த்துப் பார்த்துத்தான் எடுத்திருப்பார்கள். ஆனால் அந்த அம்மாவுக்கு அன்று வேண்டியிருந்தது ஓர் அங்குல அகலம் அல்ல. ஏறிய இடத்தில் உட்கார்ந்தால் இறங்க வேண்டிய இடத்தில்தான் எழுந்திருக்க வேண்டும் என்ற நிம்மதி.

வயதான பெற்றோர் தனியாகப் பயணம் செய்கிறார்கள், அவர்களுக்கு விமானப் பயணம் பழக்கமில்லை என்றால், விமானம் பழையதானாலும் நேராகப் போவதையே எடுங்கள். மாறித்தான் ஆக வேண்டும் என்றால் சக்கர நாற்காலி உதவி கேளுங்கள். கிளம்பும் இடம், மாறும் இடம், சேரும் இடம் மூன்றிலும் வேண்டும் என்று சொல்லி, குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். நடக்க முடிகிறவர்களுக்கும் இதைக் கேட்டு வாங்குவதில் தவறே இல்லை.

கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கும் நேரான இரவு விமானம்தான் என் பரிந்துரை. தூங்கும் குழந்தையை எழுப்பிப் பாதுகாப்புச் சோதனைக்குக் கொண்டுபோவதைப் போன்ற கொடுமை வேறில்லை. ஒவ்வொரு இறக்கத்திலும் காது அடைப்பதும் குழந்தைக்குத்தான் அதிகம் வலிக்கும்.

காலில் ரத்தம் உறையும் தொல்லைக்கு இடம் உள்ளவர்களின் நிலை வேறு. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு, 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் இந்த ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று கண்டது. ஆரோக்கியமானவர்களுக்கு அது 6,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவுதான், பயப்பட வேண்டாம். விமானம் மட்டுமே இதற்குக் காரணம் என்பதும் இல்லை. பஸ்ஸில், காரில், ரயிலில் அப்படியே உட்கார்ந்திருந்தாலும் வரும். 190 சென்டிமீட்டருக்கு மேல் உயரமானவர்களுக்கும், 160க்குக் குறைவானவர்களுக்கும் ஆபத்து கூடுதல் என்று அதே ஆய்வு சொல்கிறது. உயரமானவர்களுக்குக் கால் மடங்கிக் கிடக்கிறது, குள்ளமானவர்களுக்கு இருக்கையின் விளிம்பு தொடையை அழுத்துகிறது. இவர்களும், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். நேராகப் போவதென்றால் நடைபாதை ஓர இருக்கை அவர்களுக்குக் கட்டாயம். நடுவில் 4 மணி நேரம் இறங்கி நடக்கும்படி அமைந்தால் இன்னும் நல்லது.

4 மணி நேரம் என்று சொன்னேன். ஒரு மணி நேர இடைவெளி ஓய்வே ஆகாது. முதல் விமானம் அரை மணி தாமதித்தால் போதும், மீதியை ஓடியே கழிக்க வேண்டும். இரண்டு விமானங்களும் ஒரே பதிவில் இருந்தால், முதல் விமானத்தின் தாமதத்தால் இணைப்பு விமானம் தவறினாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக எடுத்த டிக்கெட் என்றால் அந்தச் சுமை உங்கள் தலையில்தான். மாறும் நாட்டில் இடைத்தங்கல் விசா தேவையா என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே பாருங்கள். அமெரிக்கா வழியாகப் போகிறவர்கள் விமான நிலையத்தைவிட்டு வெளியே போகாவிட்டாலும் குடியேற்றச் சோதனையைக் கடந்தாக வேண்டும்.

இப்போது புதிதாக ஒரு வகை விமானம் வந்திருக்கிறது. ஏர்பஸ் ஏ321எக்ஸ்எல்ஆர். 2024 நவம்பரில் ஐபீரியா நிறுவனம் அதை மாட்ரிட், பாஸ்டன் இடையே பறக்கவிட்டது. உள்நாட்டுப் பயணத்தில் நாம் பார்க்கும் அதே ஒற்றை நடைபாதை விமானம்தான், ஆனால் 8,700 கிலோமீட்டர் வரை பறக்கும். பெரிய விமானத்தை நிரப்ப முடியாத ஊர்களுக்கு இனி நேரடிச் சேவை வரும் என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் உணவு வண்டி நடைபாதையில் நிற்கும்வரை கழிவறைக்குப் போக வழி இருக்காது. எழுந்து காலாற நடக்கவும் வேறு பாதை கிடையாது. 8 மணி நேரப் பயணத்துக்கு இதை மகிழ்ச்சியோடு எடுக்கலாம். வயதானவர்களுக்கு எடுக்கும்போது மட்டும் கழிவறைக்கு அருகே, ஆனால் அதை ஒட்டி இல்லாமல், இரண்டு மூன்று வரிசை தள்ளி நடைபாதை ஓர இருக்கையாகப் பாருங்கள்.

கடைசியாகப் பணத்தைப் பற்றி. முழுப் பயணத்துக்கும் பெரிய இருக்கை வாங்க எல்லோராலும் முடியாது. இரண்டு விமானங்களில் போகிறவர்கள் ஒன்றுக்கு மட்டும் உயர்ந்த வகுப்பு கேட்டுப் பார்க்கலாம். அப்படிக் கிடைத்தால் உங்கள் இரவு வருகிற விமானத்துக்கு அதை வாங்குங்கள், பகலில் பறப்பதற்கு எகானமி போதும். பதிவு செய்த பிறகு கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு மறுபடியும் இருக்கை வரைபடத்தைத் திறந்து பாருங்கள். நிறுவனங்கள் விமானத்தை மாற்றுவது வழக்கம். மாற்றும்போது நீங்கள் தேர்ந்தெடுத்த இருக்கையும் சத்தமில்லாமல் மாறிவிடும். அன்றைக்கே தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டால் பெரும்பாலும் சரிசெய்து தருவார்கள். விமான நிலையத்துக்குப் போன பிறகு கேட்டால் நடு இருக்கைதான் மிஞ்சியிருக்கும்.

வணக்கம்.