அடைமழையிலயும் பசுந்தீவனம்: எங்க 50 சென்ட் புல்லுக் கொல்லை

வானொலி கேட்டுக்கிட்டு இருக்குற எல்லாருக்கும் வணக்கங்க. எனக்கு மன்னார்குடி பக்கம். ரெண்டு கறவை மாடும் 50 சென்ட்ல தீவனப்புல்லும் வச்சிருக்கேன், எங்க மாட்டுக்குப் போக மிச்சத்த வித்துக்கிட்டு இருக்கேன், அதப்பத்திப் பேசத்தான் கூப்புட்டாங்க.

தீவனப் பஞ்சம்னா கோடையிலதான்னு எல்லாரும் நெனைப்பாங்க. என்னக் கேட்டா நம்ம டெல்டாவுக்கு ஐப்பசி கார்த்திகைதான் பஞ்சம். எங்க பாத்தாலும் சம்பா, மாட்ட அவுத்துவிட ஒரு குழி எடம் கெடையாது, முன்னல்லாம் வரப்புப் புல்ல அறுத்தே ஓட்டிடுவாங்க, இப்ப வரப்புக்கும் சேத்து களைக்கொல்லி அடிச்சிடுறோம், அந்த மழையில அருவாள எடுத்துக்கிட்டுப் போற அக்காமாருங்களுக்கு ஒரு கட்டுப் புல்லு சேரவே மத்தியானம் ஆயிடுது. வைக்கோலு இருக்கேன்னா, அது மெஷின்ல உருண்டையா கட்டி லாரி ஏறி கேரளாவுக்குப் போவுது, மிஞ்சுனது நனைஞ்சி பூசணம் புடிக்குது. பால் எப்படிங்க இருக்கும்?

நான் வச்சிருக்கறது கம்பு நேப்பியர், கம்பையும் நேப்பியர் புல்லையும் ஒட்டு சேத்து எடுத்த தீவனப்புல்லு, அதுல கோ 4, கோ 5, ரெண்டுமே கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழக ரகம். மொத வருசம் நஞ்சையில நட்டுட்டேன். கார்த்திகை மழையில அஞ்சு நாள் தண்ணி நின்னுச்சு, வடிஞ்சப்புறம் போயி ஒரு தூரப் புடிச்சி இழுக்குறேன், வேரெல்லாம் அழுகி சேத்தோட அப்படியே கையில வந்துடுச்சு. அன்னிக்கு நான் சாப்புடவே இல்ல. மறு வருசம் வீட்டுக்குப் பின்னாடி மேட்டுத் திடல்ல பார் புடிச்சி, புல்லுத் தண்ட ரெண்டு கணு உள்ள கரணையா வெட்டி ஒரு கணு மண்ணுக்குள்ள இருக்குற மாதிரி 50 சென்டிமீட்டருக்கு ஒண்ணு நட்டேன், நட்டதும் ஒரு தண்ணி, மூணாம் நாள் உயிர்த்தண்ணி. 75 நாள்ல மொத அறுப்பு, அப்புறம் 45 நாளைக்கு ஒருக்க. தண்ணி தேங்குற எடந்தான் இருக்குங்கறவங்க தண்ணீர்ப்புல்லு போடுங்க, எருமைப்புல்லுன்னும் சொல்வாங்க, அது தாங்கும்.

விக்கிறதுலதான் நெறைய பேரு விட்டுடுறாங்க. மொத்தமா அறுத்தா ஒரே நாள்ல மலையா குவியும், மறுநாள் ஆள் வந்தா கையில ஒண்ணும் இருக்காது, ரெண்டு தடவ வெறுங்கையோட திரும்புனவங்க மூணாம் தடவ வர மாட்டாங்க. அதனால கொல்லைய 45 பாத்தியா பிரிச்சிட்டேன், நாளைக்கு ஒரு பாத்தி, மழையோ வெயிலோ அறுப்பு நிக்காது. ஏக்கருக்கு வருசம் 150 டன்னுன்னு சொல்றாங்க, அந்தக் கணக்குல எனக்கு நாளைக்கு 200 கிலோ வரணும், நம்ம களிமண்ணுல 120 கிலோதான் வருது. மாட்டுக்கு 25 கிலோன்னு எங்க ரெண்டு மாட்டுக்கு 50 போவும், மிச்சம் 70 கிலோவ பக்கத்துல மூணு வீட்டுக்காரங்க வாங்கிக்கிறாங்க.

ஆரம்பத்துல கட்டுக் கணக்குலதான் குடுத்தேன். ஒரு அத்தை வந்து, "தம்பி, நேத்திக்கு கட்டு இத விட பெருசா இருந்துச்சே"ன்னாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அன்னிக்கே தொங்கு தராசு வாங்கிட்டேன். பனி ஈரத்தோட எடை போடக்கூடாதுங்க, உதறிட்டு வெயில் கொஞ்சம் ஏறுனப்புறம் அவங்க கண்ணு முன்னாடி நிறுத்துக் குடுக்கணும்.

வாங்குறவங்ககிட்ட நான் சொல்லிடுவேன், முழுசா போடாதீங்க, மாடு எலைய தின்னுட்டு தண்ட ஒதுக்கிடும், நறுக்கிப் போடுங்க. வெறும் நேப்பியரே போட்டாலும் சுண்ணாம்புச்சத்து கொறையும், மூணு பங்கு புல்லுக்கு ஒரு பங்கு வேலிமசால்ங்கற பயறுவகைத் தீவனமோ அகத்தியோ சேருங்க, தாது உப்பும் வைங்க. கோடைக்கு தீவனச்சோளம் போடுறவங்க எளம்பயிர்லயோ தண்ணியில்லாம வாடுன பயிர்லயோ மாட்ட விட்டுடாதீங்க, அது வெஷம், மாடு செத்துடும்.

மேட்டூரு ஜூன் 12 தொறந்து நம்ம வாய்க்காலுக்கு தண்ணி வந்துடுச்சுன்னா ஆனியிலயே நட்டுடுங்க. புரட்டாசியில மொத அறுப்பு, ஐப்பசி அடைமழைக்குள்ள தூரு நல்லா வெடிச்சி நின்னுடும். கரணை வாங்கும்போது கணு முளை அடிபடாம இருக்கான்னு ஒவ்வொண்ணா கையில எடுத்துப் பாத்து வாங்குங்க. நன்றிங்க.